உடல் வானேறும்போது

கோவில்பட்டிக்குத் தெற்கே நாங்குநேரி தாண்டினால் மகேந்திரகிரி. மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. மனிதரை விண்வெளிக்கு ஏற்றிச்செல்லவிருக்கும் ககன்யான் கலத்தைத் தூக்கப்போகும் ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினையும் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினையும் அங்கேதான் திரும்பத் திரும்ப எரியவிட்டுப் பார்த்தார்கள். மனிதர் ஏறும் பயணத்துக்குத் தகுதியானது என்ற நிலையைச் சிஇ-20 எஞ்சின் 2024 பிப்ரவரியில் எட்டியது. தென்கிழக்கே கடலோரத்தில் குலசேகரன்பட்டினம். நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அங்கே 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அது சிறிய ராக்கெட்டுகளுக்கான இடம். மனிதரை ஏற்றிய கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பும். இருந்தாலும் இரண்டு பக்கமும் ராக்கெட் வேலை நடக்கிற பூமி இது. எஞ்சின்களைப் பற்றி எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளே ஓரளவு பேசுவார்கள். எஞ்சினுக்கு மேலே உட்காரும் ஆளின் எலும்பும் இரத்தமும் காதும் கண்ணும் என்னவாகும் என்கிற கேள்விதான் பேச்சில் வருவதேயில்லை.

பலூன் காலத்திலிருந்தே மருத்துவர்கள் கேட்டுவரும் கேள்வி அது. அதற்கு இதுவரை கிடைத்த விடைகளையும், அவை எப்படிக் கிடைத்தன, யாருடைய உடலிலிருந்து கிடைத்தன என்பதையும் இங்கே தொகுத்துப் பார்க்கிறேன். எத்தனை உடல்களை, எப்படிப்பட்ட உடல்களை அளந்தார்கள் என்பதுதான் இந்தத் துறையின் பலத்தையும் பலவீனத்தையும் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். இந்தியாவின் பயணத்தையும் அந்த அளவுகோலில்தான் பார்க்க வேண்டும்.

முதல் பாடம் மூச்சில் கிடைத்தது. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு ஏறத்தாழ 21 சதவீதம். தூத்துக்குடிக் கடற்கரையிலும் இமயத்தின் உச்சியிலும் அந்தப் பங்கு மாறுவதில்லை. மாறுவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் அழுத்தம் 5,500 மீட்டர் உயரத்தில் பாதியாகிவிடும். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். 1862 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் கிளெய்ஷரும் ஹென்றி காக்ஸ்வெல்லும் பலூனில் ஏறத்தாழ 9,000 மீட்டர் ஏறினார்கள். கிளெய்ஷரின் கண் மங்கியது, கை மரத்தது, பிறகு நினைவே போனது. காக்ஸ்வெல்லின் கைகள் குளிரில் விறைத்துவிட்டதால், வாயுவைத் திறந்துவிடும் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து இருவரின் உயிரையும் காப்பாற்றினார். 1875 ஏப்ரலில் பிரான்சில் ‘ஜெனித்’ பலூனில் ஏறிய மூவருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பைகளில் ஆக்ஸிஜன் இருந்தது. அதை எடுக்கக் கை எழும்பவில்லை. சிவெலும் குரோசே-ஸ்பினெல்லியும் இறந்தார்கள், திசாந்தியே மட்டும் பிழைத்தார்.

இந்த மரணத்தின் கொடுமை, அது வருவது தெரியாமலே வருவது. ஆக்ஸிஜன் குறையும்போது முதலில் மங்குவது புத்தி. ஆபத்தில் இருக்கிறோம் என்று கணிக்க வேண்டிய உறுப்பே முதலில் படுத்துவிடுகிறது. சிலருக்கு இனம்புரியாத உற்சாகம்கூட வரும். பாரிசில் அழுத்தக் கூண்டுக்குள் விலங்குகளையும் தன்னையும் அடைத்துச் சோதித்த பால் பெர், குறைவது அழுத்தமே என்று நிறுவி 1878-இல் பெரிய நூலாக வெளியிட்டார். இன்றுவரை விமான மருத்துவம் நிற்கும் அடித்தளம் அது.

இது போர்விமானியின் விவகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. கரிசல் ஊர்களிலிருந்து துபாய்க்கும் தோஹாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கும் தெருக்கள் உண்டு. அவர்கள் ஏறும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளதுபோல் இருக்காது. 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்குத்தான் கேபினை அடைத்து வைப்பார்கள். அதாவது பயணம் முழுக்கக் கொடைக்கானல் உயரத்தில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஆரோக்கியமானவருக்கு அது பொருட்டல்ல. இருதய நோயாளிக்கும், நுரையீரல் கெட்டவருக்கும், கடுமையான இரத்தசோகை உள்ளவருக்கும் அது சுமை. காற்று மிகவும் வறண்டிருக்கும். மணிக்கணக்கில் காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் நாளத்தில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கவும் கூடும். பணிப்பெண் சொல்லும் முகமூடி அறிவிப்பையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 35,000 அடியில் கேபின் அழுத்தம் சட்டென்று போனால், சுயபுத்தியோடு ஒரு காரியம் செய்ய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரைதான் இருக்கும். பிள்ளைக்கு மாட்டுவதற்கு முன் உங்களுக்கு மாட்டிக்கொள்ளுங்கள் என்பது அந்தக் கணக்கிலிருந்து வந்தது. 2005 ஆகஸ்டில் சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியாஸ் விமானத்தில் அழுத்தச் சுவிட்ச் தவறான நிலையில் இருந்ததால் விமானிகள் மெல்ல நினைவிழந்தார்கள். எரிபொருள் தீரும்வரை விமானம் தானாகப் பறந்து ஏதென்ஸ் அருகே விழுந்தது. 121 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

உயர மருத்துவத்தில் இந்தியா உலகத்துக்குக் கொடுத்த கொடை ஒன்று உண்டு. அது நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறாதது எனக்குப் பெரிய வருத்தம். 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்த சிப்பாய்களை அவசர அவசரமாக இமயத்துக்கு ஏற்றினார்கள். எதிரியைக் காணுமுன்பே பலர் மூச்சு முட்டி, நுரையீரலில் நீர் கோத்துச் சாய்ந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் அவர்களை வருடக்கணக்கில் கவனித்து எழுதினார்கள். 1965-இல் ‘லான்செட்’ இதழிலும், 1969-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழிலும் வந்த அவர்களுடைய கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. 1969 கட்டுரையில் ஆராயப்பட்ட சிப்பாய்கள் 1,925 பேர். எண்ணத்தக்க சில மலையேறிகளை வைத்து மேற்கே பேசிக்கொண்டிருந்த விஷயத்தை, ஆயிரக்கணக்கான சாதாரண உடல்களை வைத்து இந்திய மருத்துவர்கள் பேசினார்கள். நோய் யாரைப் பிடிக்கும், எத்தனை மணி நேரத்தில் பிடிக்கும், ஏறும் வேகத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையால்தான் துலங்கியது. இந்த 1,925 என்ற எண்ணைப் பின்னால் மறுபடியும் எடுப்பேன்.

வேகத்தின் கதை வேறு மாதிரி. வேகம் உடலை ஒன்றும் செய்யாது. வேகம் மாறுவதுதான் செய்யும். போர்விமானம் சட்டென்று திரும்பும்போது விமானியின் உடல் எடை ஐந்து மடங்கு, ஒன்பது மடங்கு என்று ஏறுகிறது. இதயத்திலிருந்து மூளை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்ற, சாதாரண நிலையில் 22 மில்லிமீட்டர் அளவு அழுத்தம் செலவாகும். எடை ஐந்து மடங்கானால் அந்தச் செலவு 110 ஆகும். இதயம் தரும் சராசரி அழுத்தமே ஏறத்தாழ 100தான். ஆக மூளைக்கு எதுவும் போய்ச் சேராது. முதலில் நிறம் போகும், பிறகு பார்வை சுரங்கம்போல் குறுகும், பிறகு இருட்டு, பிறகு மயக்கம். கனடாவின் வில்பர் ஃபிராங்க்ஸ் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தண்ணீர் நிரப்பிய உடையால் கால்களையும் வயிற்றையும் இறுக்கி இரத்தம் கீழே இறங்காமல் தடுத்தார். இன்றைய உடைகள் காற்றால் இறுக்குபவை. அதற்கு மேல் தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி அடக்கி விடும் பயிற்சி விமானிக்குத் தேவை. பெங்களூரில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் இருக்கும் மனிதச் சுழற்பொறியில் ஏற்றிச் சுற்றவிட்டு இதைப் பழக்குகிறார்கள். கோயம்புத்தூர் சூலூரில் நிற்கும் தேஜஸ் விமானத்தை ஓட்டுபவருக்கு இது அன்றாடத் தேவை.

உடல் எவ்வளவு தாங்கும் என்பதைத் தன்மேலேயே பார்த்தவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப். 1954 டிசம்பர் 10 அன்று ராக்கெட் பூட்டிய வண்டியில் மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒன்றரை வினாடிக்குள் நின்றார். எடை 46 மடங்கு ஏறி இறங்கியது. கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் வெடித்துச் சற்று நேரம் பார்வை இல்லாமல் இருந்தார். பிறகு முதுமைவரை வாழ்ந்தார். காரில் இருக்கை வார் வேண்டும் என்று அமெரிக்காவில் விடாமல் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். கோவில்பட்டியைத் தொட்டுப்போகும் மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் அந்த வாரால் பிழைப்பவர்கள் ஸ்டாப் தன் உடம்பில் எடுத்த கணக்குக்குக் கடன்பட்டவர்கள்.

காது இன்னொரு புதிர். உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் திரும்பலை உணர்கின்றன. சின்னஞ்சிறு சுண்ணாம்புக் கற்கள் பதிந்த இரண்டு பைகள் சாய்வை உணர்கின்றன. தரையில் நடக்கும் பிராணிக்கு இது போதும். மேகத்திலும் இருட்டிலும் பறக்கும்போது இந்தக் கருவி பொய் சொல்லும். விமானம் மெதுவாகச் சாய்ந்தால் காதுக்குத் தெரியாது, சரிசெய்தால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். 1978 புத்தாண்டு இரவில் பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ இரண்டு நிமிடத்துக்குள் பாந்த்ரா கடலில் விழுந்தது. சாய்வு காட்டும் கருவி ஒன்று கெட்டிருந்தது. இருட்டுக் கடலுக்கு மேலே தொடுவானம் தெரியவில்லை. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்பதே விமானிக்குக் குழம்பிவிட்டது. 213 பேர் போனார்கள். உடலின் உணர்வைவிடக் கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நம்பு என்பது விமானிக்கு இத்தனை அழுத்தமாகப் போதிக்கப்படுவது இதனால்தான்.

இதுவரை சொன்னவையெல்லாம் நிமிடங்களில், மணிகளில் முடிபவை. எடையின்மை வந்ததும் நாட்களும் மாதங்களும் கணக்கில் சேர்ந்தன. 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. கரிசல் கிணற்றின் மேல்படியிலிருந்து குதிக்கும் பையன் தண்ணீரைத் தொடும்வரை எடையில்லாமல்தான் இருக்கிறான். விண்வெளி நிலையத்தில் இருப்பவரும் அப்படி விழுந்துகொண்டேதான் இருக்கிறார். பூமி வளைந்து விலகிக்கொண்டே போவதால் தரை வருவதில்லை.

1961 ஏப்ரல் 12 அன்று ககாரின் 108 நிமிடத்தில் திரும்பிவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாளுக்கு மேல் சுற்றிய கெர்மான் தீதோவ் முதன்முதலாகக் குமட்டலும் தலைசுற்றலும் கண்டார். காதின் கற்களுக்கு ‘கீழே’ என்பது இல்லாமல் போய், கண் சொல்வதும் காது சொல்வதும் முரண்படுவதால் வரும் நோய் அது. விண்வெளிக்குப் போகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் இது வருகிறது. 1970-இல் சோயுஸ்-9 கலத்தில் 18 நாள் இருந்துவிட்டு வந்த நிக்கோலாயேவும் செவஸ்தியானோவும் எழுந்து நிற்க முடியாமல் தவித்தபோதுதான், போவதைவிடத் திரும்பி வருவது கடினம் என்பது மருத்துவர்களுக்கு உறைத்தது.

என்ன நடக்கிறது? நிற்கும்போது கீழே இழுபடும் இரத்தமும் நீரும் எடையின்மையில் மேலே ஏறுகின்றன. கால்களிலிருந்து ஏறத்தாழ இரண்டு லிட்டர் இடம் மாறும். முகம் உப்பும், மூக்கு அடைக்கும், கால் சூம்பும். உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று தவறாகக் கணித்து உடலே இரத்த நீரைக் குறைத்துக்கொள்ளும். அங்கே இருக்கும்வரை அது நல்ல ஏற்பாடுதான். பூமியில் இறங்கி நின்றதும் குறைந்த இரத்தம் காலுக்கு இறங்கி, மயக்கம் வரும். அதனால் இறங்குவதற்குச் சற்று முன் உப்பு மாத்திரையும் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரும் கொடுப்பது நாசாவின் வழக்கமாயிற்று. காட்டு வேலைக்குப் போகிறவர் உப்புப் போட்ட கம்பங்கூழும் நீராகாரமும் குடித்துவிட்டுப் போவதன் உடலியல் காரணமும் அதுவே, இரத்தக் குழாய்க்குள் நீர் தங்க உப்பு வேண்டும்.

எலும்பின் செய்தி இன்னும் ஆழமானது. சுமைக்கு ஏற்பவே எலும்பு கட்டப்படுகிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதினார். விண்வெளி அதை மறுக்க முடியாதபடி காட்டிவிட்டது. இடுப்பிலும் முதுகெலும்பிலும் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் எலும்பு கரைகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஓர் ஆண்டில் ஏற்படும் இழப்பு அங்கே ஒரு மாதத்தில் ஏற்படுகிறது. கரைந்த கால்சியம் சிறுநீரில் சேர்ந்து கல்லாகும் அபாயம் தனி. 2008-இல் நிலையத்துக்குப் போய்ச்சேர்ந்த எதிர்விசைப் பயிற்சிக் கருவியில் தினமும் கடுமையாக உழைத்து, போதிய சத்தும் சாப்பிட்டால் இழப்பு வெகுவாகக் குறைகிறது. எலும்புத் தேய்வுக்கு நம்மூர் மருத்துவர்கள் எழுதும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் பலன் தருவதாக 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. இந்த அறிவு எல்லாம் படுக்கையில் விழுந்த முதியவருக்கும், இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கும் நேரடியாக உதவுவது. எழுந்து நடக்கவைப்பதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரத்துக்கும் எலும்பில் விலை இருக்கிறது.

விண்வெளி வீரர்களின் கண் நரம்பு முனை வீங்குவதும், பின்கண் தட்டையாவதும் 2011 வாக்கில்தான் முறையாக வெளிவந்தன. ஐம்பது ஆண்டு விண்வெளிப் பயணத்துக்குப் பிறகு! அதன் காரணம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. 2019-இல் இன்னொரு அதிர்ச்சி. பதினொரு பேரின் கழுத்து நாளத்தை ஸ்கேன் செய்தபோது ஆறு பேருக்கு இரத்தம் தேங்கியோ எதிர்த்திசையில் ஓடியோ இருந்தது, ஒருவருக்குக் கட்டியே இருந்தது. கதிர்வீச்சைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி கலம் வழியில் அளந்த கணக்குப்படி, போய்வரும் பயணம் மட்டுமே ஏறத்தாழ 660 மில்லிசீவர்ட் தரும். ஒருவருக்கு வாழ்நாள் முழுதுக்கும் நாசா வைத்திருக்கும் வரம்பு 600. மனிதரைச் செவ்வாய்க்கு அனுப்புவதில் இன்னும் விடை காணாத கணக்கு அது.

இந்த முடிவுகளை எத்தனை உடல்கள் தந்தன? சுற்றுப்பாதைக்குப் போனவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தும் எழுநூறைத் தாண்டவில்லை. அவர்களில் அரை ஆண்டுக்கு மேல் இருந்தவர்கள் இன்னும் குறைவு, பெண்கள் மிகச் சிறு பங்கு. புகழ்பெற்ற இரட்டையர் ஆய்வில் 340 நாள் மேலே இருந்த ஸ்காட் கெல்லியையும் பூமியில் இருந்த அவருடைய உடன்பிறப்பு மார்க்கையும் ஒப்பிட்டு, 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அருமையான ஆய்வு. ஆனால் ஒரு சோடி உடல். 437 நாள் தொடர்ந்து மேலே இருந்த வலேரி பொல்யாகோவ் தானே மருத்துவர். அவருடைய சாதனையை யாரும் இதுவரை எட்டவில்லை. விண்வெளி மருத்துவத்தில் பொதுவிதி போலப் பேசப்படும் பல கூற்றுகள் பத்துப் பதினைந்து பேரின் மேல் நிற்கின்றன. அந்தப் பத்துப் பேரும் சலித்துச் சலித்துப் பொறுக்கப்பட்ட, நோய் நொடியற்ற, பெரும்பாலும் அமெரிக்க, ருசிய ஆண்கள்.

இந்தக் குறையை ஈடுகட்டவே தரையில் போலிச் சூழல்களை உருவாக்குகிறார்கள். தலைப்பக்கம் ஆறு டிகிரி தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைத்தால் இரத்தம் மேலேறுவதும் எலும்பு கரைவதும் அப்படியே நடக்கும். நீர்புகாத துணி போர்த்திய தொட்டியில் உடலை மிதக்கவிடும் ‘உலர் அமிழ்வு’ முறையை ருசியர்கள் வளர்த்தார்கள். 2021-இல் பிரான்சின் துலூஸில் பெண்களை மட்டுமே கொண்டு அந்தச் சோதனையை நடத்தினார்கள். மாஸ்கோவில் ஆறு ஆண்கள் 520 நாள் அடைபட்டுச் செவ்வாய்ப் பயணத்தை நடித்தது 2010–11-இல். லடாக்கின் சோ கர் ஏரிப் பள்ளத்தாக்கில், 4,500 மீட்டருக்கு மேல், 2025 ஆகஸ்டில் இருவர் பத்து நாள் கூடாரக் கலத்தில் தங்கிய இந்தியச் சோதனையும் இந்த வரிசையில் வரும்.

இந்தியாவில் இத்துறைக்கு வேர் பழையது. பெங்களூரின் வான்வெளி மருத்துவ நிறுவனம் 1957-இல் விமான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சல்யூத்-7 நிலையத்தில் எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவாக இருந்தபோது, யோகப் பயிற்சி எடையின்மையில் தசைகளுக்கு உதவுமா என்று பார்த்தார்கள், இதய மின்னோட்டத்தையும் பதிந்தார்கள். நல்ல தொடக்கம். தொடர்ச்சிதான் இல்லை. 41 ஆண்டு இந்தியக் குடிமகன் யாரும் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா 2003-இல் கொலம்பியாவில் உயிர்விட்ட பயணம் பெரும்பகுதி உடலியல் உள்ளிட்ட ஆய்வுகளுக்கான பயணம். சுனிதா வில்லியம்ஸ் 2024–25-இல் 286 நாள் மேலே இருந்தார். இருவரின் உடற்கணக்கும் அமெரிக்க ஏடுகளில் சேர்ந்தது.

2019-இல் ககன்யானுக்கு ஆள் தேர்ந்த வேலையைப் பெங்களூர் நிறுவனமே செய்தது. தேர்வான நான்கு போர்விமானிகள் மாஸ்கோ அருகே ககாரின் மையத்தில் 2020–21-இல் பயின்றார்கள். 2024 பிப்ரவரியில் பெயர்கள் வெளியாயின: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்சு சுக்லா. இவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், வெலிங்டன் படைத்துறைக் கல்லூரியில் படித்தவர். சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்ஸியம்-4 பயணத்தில் கிளம்பி, சர்வதேச நிலையத்தில் 18 நாள் இருந்து ஜூலை 15 அன்று பசிபிக்கில் இறங்கினார். எடையின்மையில் தசை ஏன் வளர மறுக்கிறது என்பதைப் பெங்களூர் இன்ஸ்டெம் ஆய்வகத்தின் தசை உயிரணுக்களில் அவர் சோதித்தார். 2025 ஏப்ரலில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துடன் விண்வெளி மருத்துவத்துக்காக இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது.

இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் இந்தர் சிங்கின் 1,925 பேர் நினைவில் இருக்கும்போது நான்கு பேர் என்பது உறுத்துகிறது. ககன்யான் திட்டம் மூன்று பேரை மூன்று நாள் வரை 400 கிலோமீட்டரில் வைத்திருக்கும் திட்டம். மூன்று நாளில் தெரிவது குமட்டலும் நீர் இடமாற்றமும்தான். எலும்புக்கும் கண்ணுக்கும் அது போதாது. 2035-இல் சொந்த விண்வெளி நிலையம் அமைக்க நாடு இலக்கு வைத்திருக்கிறது. அதற்குள் தரையிலேயே நூற்றுக்கணக்கான இந்திய உடல்களில் படுக்கைச் சோதனைகளை நடத்தியிருக்க வேண்டும். இந்தியர்களின் எலும்பு அடர்த்தி மேற்கத்திய அளவுகோலைவிடச் சராசரியில் குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக உண்டு, பெண்களிடம் இரத்தசோகை அதிகம். அமெரிக்க ஆணின் உடலில் வாங்கிய சூத்திரத்தை அப்படியே போட்டால் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆளில்லாப் பயணத்துக்கான வியோமித்ரா பொம்மைக்குப் பெண் உருவம் கொடுத்திருக்கிறார்கள். தேர்வான நால்வரில் பெண் இல்லை, ஏனென்றால் சோதனை விமானிகளிலிருந்து மட்டுமே ஆள் எடுத்தார்கள். அடுத்த தேர்வில் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும், அவர்களில் பெண்களும் இருந்தால்தான் அறிவு விரியும்.

கரிசல் பூமிக்கு இதில் மிக நெருக்கமான பகுதி வெப்பம். 1957 நவம்பரில் ஸ்புட்னிக்-2 கலத்தில் போன லைக்கா நாய் பல நாள் உயிரோடிருந்ததாக உலகம் நம்பியது. கலத்துக்குள் வெப்பம் ஏறிச் சில மணி நேரத்திலேயே அது இறந்துவிட்டது என்பது 2002-இல்தான் வெளிவந்தது. எடையின்மையில் சூடான காற்று மேலே எழும்பாது, வியர்வை சொட்டாது, தோல்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையின் குழு நெற்றியில் ஒட்டும் உணரியைக் கொண்டு பதினொரு விண்வெளி வீரர்களை அளந்து 2017-இல் வெளியிட்டது: ஓய்வில் இருக்கும்போதே உள்ளுடல் வெப்பம் மெல்ல மெல்ல ஒரு டிகிரி உயர்கிறது, உடற்பயிற்சியின்போது சிலருக்கு 40 டிகிரியையும் தொடுகிறது.

40 டிகிரி என்றால் எங்கள் பகுதிக்குச் சித்திரை வைகாசி. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசலில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றியே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் முடிந்துவிடும். மிச்சக் காலமெல்லாம் கறுத்த மண் வெயிலைக் குடித்துப் பாளம் பாளமாக வெடிக்கும். மிளகாய் பறிப்பவரும், பருத்தி எடுப்பவரும், தீப்பெட்டி, பட்டாசு வேலை செய்பவரும் அந்த வெப்பத்தில்தான் மணிக்கணக்கில் உழைக்கிறார்கள். கிழக்கே தூத்துக்குடியில் உப்பள வேலை, தரையிலிருந்து எதிரொளிக்கும் வெயிலும் சேர. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடம் செய்த ஆய்வுகள், வேலையிட வெப்பம் பாதுகாப்பு வரம்பைத் தாண்டுவதையும் சிறுநீரகம் பாதிக்கப்படுவதையும் காட்டின. கழிப்பிடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம். விண்வெளி வீரரின் உடலில் கேட்கப்படும் அதே கேள்விகள்தான் இவை: உள்ளுடல் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, இரத்த நீர் எவ்வளவு குறைகிறது, சிறுநீரில் என்ன படிகிறது, எத்தனை நாளில் உடல் பழகுகிறது, பழகியபின் எதை இழக்கிறது.

இதற்கு முன்மாதிரி இந்த ஊரிலேயே உண்டு. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரி நிலத்தில் பயிர் எப்படிப் பிழைக்கிறது என்பதை நூறாண்டுக்கு மேலாக அளந்துவருகிறது. கரிசலின் பயிர்கள் மேலேயும் போய்விட்டன. 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் மேல்நிலையில் இஸ்ரோ எட்டுத் தட்டாம்பயறு விதைகளை ஒரு பெட்டியில் வைத்து அனுப்பியது. நான்கு நாளில் முளைத்து, சில நாளில் இலையும் விட்டன. சுக்லா நிலையத்தில் பாசிப்பயறையும் வெந்தயத்தையும் முளைகட்டிப் பார்த்தார். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு அது. பயறு முளைப்பதைப் பார்க்க இவ்வளவு அக்கறை எடுக்கும் நாடு, பயறு பறிக்கும் பெண்ணின் உடல் வெப்பத்தையும் அதே நுணுக்கத்தோடு அளக்க முடியும்.

அதற்கு வேண்டிய பொருட்கள் அரிதானவை அல்ல. நெற்றி உணரி, விழுங்கும் வெப்ப மாத்திரை, வேலைக்கு முன்னும் பின்னும் எடை, சிறுநீர்ச் சோதனை, ஆண்டுக்கொரு முறை எலும்பு ஸ்கேன். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெங்களூர் நிறுவனம் விமானிகளுக்கு வகுத்த அளவீட்டு முறையை இந்தக் கல்லூரிகள் வாங்கிக்கொண்டு, ஓர் உப்பளக் குழு, ஒரு பட்டாசு ஆலைக் குழு, ஒரு மானாவாரிக் கூலிக் குழு என்று ஆயிரம் பேரைப் பத்தாண்டு பின்தொடரலாம். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். ககன்யான் குழுவினரின் உடல் அளவுகளையும், பெயர் நீக்கி, இந்த ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அளவீட்டை மாசி முடிவதற்குள் தொடங்கினால், பங்குனியில் வெயில் ஏற ஏற உடல் எப்படிப் பழகுகிறது என்ற வளைகோடு முதல் ஆண்டிலேயே கையில் கிடைத்துவிடும்.